ஓவன் அப்புறம், முதலில் தராசு

கேள்வி: எனக்கு ஒன்பது வயதில் ஒரு பையன், ஐந்து வயதில் ஒரு பெண். கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாமியாரோடு இருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் மழைக்குப் பள்ளிக்கூடம் விட்டுவிட்டால் வீட்டில் ஒரே ரகளை. யூடியூபில் பார்த்துவிட்டு கேக் செய்யணும் என்று இரண்டு பேரும் ஒற்றைக் காலில் நின்றார்கள். போன வாரம் குக்கரில் செய்து பார்த்தோம். மாமியார் முட்டை தொடமாட்டார் என்பதால் தயிர் ஊற்றிச் செய்தேன். பேக்கிங் பவுடர் இல்லை. அதற்குப் பதில் ஆப்ப சோடாவையே அதே அளவு, இரண்டு டீஸ்பூன், போட்டேன். கேக் நன்றாக எழும்பி வந்து, அப்புறம் நடுவில் குழி விழுந்துவிட்டது. "சோப்பு மாதிரி இருக்கு" என்று பெண் துப்பிவிட்டாள். "நான் கிண்டினதாலதான் கெட்டுப்போச்சா?" என்று பையன் அழுதுவிட்டான். மாமியாரோ, "ஆம்பளப் பிள்ளைக்கு அடுப்படியில என்ன வேலை? மாவும் சர்க்கரையும்தான் பாழ்" என்கிறார். பிள்ளைகளைச் சமையலறையில் விடலாமா? ஓவன் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடுமா?
- ஒரு வாசகி, கடலூர்

பதில்: இந்தப் பதிலை மேலே படிப்பதற்கு முன், பையனைக் கூப்பிட்டு ஒன்று சொல்லிவிடுங்கள். கேக் கெட்டது அவன் கிண்டியதால் இல்லை. அதிகமாகக் கிண்டினால் மைதா கேக் இறுகிப்போகும், சவ்வு மாதிரி இழுக்கும். நடுவில் குழி விழுந்தது சோடாவின் வேலை.

பேக்கிங் பவுடரில் சோடாவோடு அதற்கு வேண்டிய புளிப்புப் பொருளும் கொஞ்சம் மாவும் கலந்தே இருக்கும். வெறும் சோடாவுக்கு அதைவிட மூன்று மடங்குக்கும் மேல் வேகம். ஒரு கப் மைதாவுக்கு பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன் என்றால், தயிர் சேர்ந்த மாவில் சோடா கால் டீஸ்பூனே போதும். நீங்கள் போட்ட இரண்டு டீஸ்பூனில் தயிரின் புளிப்புக்கு ஈடுகொடுத்தது போக மிச்சமெல்லாம் அப்படியே நின்றுவிட்டது. மாவு வெந்து கெட்டிப்படுவதற்கு முன்பே காற்றெல்லாம் ஒரேயடியாகக் கிளம்பி வெளியே போய்விட்டது, கேக் உட்கார்ந்துவிட்டது. மிஞ்சிய சோடா சூட்டில் சலவைச் சோடாவாக மாறிவிடும். ஆகவே உங்கள் பெண் சோப்பு என்று சொன்னது கற்பனையே இல்லை. ஐந்து வயதில் இப்படி ஒரு நாக்கு! அவளைப் பாராட்டத்தான் வேண்டும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பிள்ளைகளை விடலாமா என்றால், தாராளமாக விடலாம். ஆனால் எதைச் செய்ய விடுகிறோம் என்பதில்தான் நாம் எல்லோரும் சறுக்குகிறோம். பெரிய பலகாரம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அளப்பது, கலப்பது, அடுப்பு எல்லாவற்றையும் நாமே வைத்துக்கொண்டு, "வா கண்ணு, இதைக் கொஞ்சம் கிண்டு" என்று துளி வேலையைப் பிள்ளையிடம் தருகிறோம். அது கெட்டுப்போனால், தான் செய்த அந்த ஒரே வேலைதான் காரணம் என்று பிள்ளை நினைக்காமல் என்ன செய்யும்? இதைத் தலைகீழாக மாற்றுங்கள். சின்னப் பலகாரமாக ஒன்றை எடுத்து, அடுப்பைத் தவிர மற்ற முழு வேலையையும் அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். பாத்திரம் கழுவுவதும் அதில் சேர்த்திதான்.

நெய் பிஸ்கட்டில் ஆரம்பியுங்கள். முட்டையும் வேண்டாம், சோடாவும் வேண்டாம். மைதா 150 கிராம், பொடித்த சர்க்கரை 75 கிராம், நெய் 90 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய்த் தூள். நெய் மணல் மணலாக உறைந்திருக்க வேண்டும். மழை நாளில் தானாகவே அப்படி இருக்கும், உருகியிருந்தால் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். நெய்யையும் சர்க்கரையையும் வெளுத்து வரும்வரை பையன் குழைக்கட்டும். அதன்மேல் மாவைச் சலித்துக் கொட்டி விரல் நுனியால் பிசறி, நெல்லிக்காய் அளவு உருண்டை பிடித்து லேசாக அமுக்க வேண்டும். சுமார் இருபது வரும்.

உருண்டை பிடிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், கையை மட்டும் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். ஓரம் வெடித்தால் நெய் போதவில்லை, அரை ஸ்பூன் சேர்க்கலாம். உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வந்தால் நெய் கூடிவிட்டது, ஒரு ஸ்பூன் மாவு தூவ வேண்டும். இதை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். "ஏன் வெடிக்குது?" என்று அவன் கேட்கும்வரை பொறுங்கள். பெண்ணுக்கு முந்திரிப் பருப்பைக் கொடுங்கள். பண்ருட்டி பக்கத்திலேயே இருக்கும்போது பருப்புக்கா பஞ்சம்? பருப்பின் நடுக்கோட்டில் நகத்தை வைத்து அழுத்தினால் இரண்டாகப் பிளக்கும். ஐந்து வயது விரலுக்கு அது அளவெடுத்துத் தைத்த வேலை. ஒவ்வொரு உருண்டையின் தலையிலும் ஒரு பாதியை அவளே பதிக்கட்டும். பாதிப் பருப்பு வாய்க்குள் போகும், போகட்டும். ஆனால் வேகாத மாவை நக்க விடாதீர்கள். முட்டை இல்லாவிட்டாலும் பச்சை மைதாவில் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் இருக்கக்கூடும்.

சுடுவதற்கு தினசரிக் குக்கர் வேண்டாம். தண்ணீர் இல்லாமல் நெடுநேரம் காய வைத்தால் குக்கர் வீணாகும். அடி கனமான பழைய சட்டி ஒன்றில் கல் உப்பைப் பரப்பி, ஒரு ஸ்டாண்ட் வைத்து, மூடி போட்டுப் பத்து நிமிடம் மிதமான தீயில் காய விடுங்கள். நெய் தடவிய தட்டில் ஏழெட்டு பிஸ்கட்டை இடைவெளி விட்டு அடுக்கி உள்ளே இறக்கி, தீயைக் குறைத்து மூடுங்கள். இருபது இருபத்தைந்து நிமிடத்தில் அடிப்பக்கம் பொன்னிறமாகும். எடுத்ததும் மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும். இது தெரியாமல்தான் பலர் இன்னும் பத்து நிமிடம் வைத்து, கல்லாக்கிவிடுகிறார்கள். இப்படி மூன்று ஈடு போட வேண்டியிருப்பதில் ஒரு லாபமும் உண்டு. முதல் ஈட்டில் கருகினால் இரண்டாவது ஈட்டுக்கு எத்தனை நிமிடம் என்று பையனே முடிவு செய்யலாம். கடல் காற்றில், அதிலும் மழையில், பிஸ்கட் சீக்கிரம் நமத்துப்போகும். நன்றாக ஆறியதும் இறுக்கமான டப்பாவில் போட்டுவிடுங்கள். அப்படியும் நமத்தால் அதே சட்டியில் ஐந்து நிமிடம் வைத்தால் போதும்.

கேக்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் மைதாவை விட்டு ரவைக்குப் போங்கள். ரவை ஒரு கப், தயிர் முக்கால் கப், பொடித்த சர்க்கரை முக்கால் கப், எண்ணெய் கால் கப்புக்குக் கொஞ்சம் மேலே. எல்லாவற்றையும் கலந்து அரை மணி நேரம் ஊற விட வேண்டும். பிள்ளைகள் எத்தனை கிண்டு கிண்டினாலும் ரவை மைதா மாதிரி இறுகாது. மாவு ரொம்பக் கெட்டியாக இருந்தால் கொஞ்சம் பால். கடைசியாக பேக்கிங் பவுடர் முக்கால் டீஸ்பூன், சோடா ஒரு சிட்டிகை கலந்து, அந்த நிமிடமே சட்டியில் வைத்துவிடுங்கள். அரை மணி நேரம்வரை மூடியைத் திறக்கக் கூடாது. புதுச்சேரியில் கிறிஸ்துமஸுக்குச் செய்கிற விவிக்கம் கேக்கும் ரவையில்தான். என்ன, அதில் முட்டையும் ரம்மில் ஊறிய பழங்களும் உண்டு. உங்கள் மாமியாரிடம் அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம்.

மாமியார் விஷயம். கல்யாண வீட்டில் பந்திக்குச் சமைப்பது யார், பேக்கரியில் மாஸ்டர் என்று நிற்பது யார் என்று கேட்டு அவரை மடக்கிவிடலாம். ஆனால் அன்று ராத்திரி வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்காது. அதைவிட, அவரையே வாத்தியார் ஆக்கிவிடுங்கள். கார்த்திகை தீபத்துக்குப் பொரி உருண்டை பிடிப்பீர்கள்தானே? அவர் கண்ணளவாகப் போடுகிற வெல்லத்தையும் பொரியையும், பாகில் சேரும் முன் பையன் தராசில் வைத்து எத்தனை கிராம் என்று நோட்டில் எழுதட்டும். பாகுக்குப் பக்கத்தில் பிள்ளைகள் போகக் கூடாது. பாகு தோலில் ஒட்டிக்கொண்டு சுடும், எண்ணெயைவிட அது பொல்லாதது. ஆனால் பதம் பார்ப்பதை அவர்களிடம் விடலாம். பாட்டி ஒரு சொட்டைக் கிண்ணத்துத் தண்ணீரில் விட, அது ஆறியதும் பேத்தி விரலால் திரட்டித் தட்டில் போட்டுப் பார்க்கட்டும். கரைந்தால் இன்னும் காய வேண்டும். கெட்டியாக உருண்டு, டங்கென்று சத்தம் வந்தால் பொரியைக் கொட்டலாம். "சத்தம் வந்துடுச்சு பாட்டி!" என்று பேத்தி கத்தினால் எந்தப் பாட்டி மாவு பாழ் என்பார்?

எண்ணெய்ப் பலகாரத்தில் முறுக்கு சரிப்படும். எண்ணெய் தடவிய தட்டின் பின்புறத்தில் பையன் பிழிந்து கொடுக்கட்டும், நீங்கள் எண்ணெயில் தள்ளுங்கள். சீடை மட்டும் இப்போதைக்கு வேண்டாம். அழுத்தி உருட்டிய சீடைக்குள் ஈரம் மாட்டிக்கொண்டால் மேல்தோல் இறுகியதும் நீராவி போக வழியில்லாமல் வெடிக்கும், எண்ணெயோடு தெறிக்கும். பிள்ளைகளின் கைக்கு அழுத்தாமல் உருட்டத் தெரியாது. எதில் கை சுட்டாலும் உடனே குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பேஸ்ட், இங்க், மஞ்சள் எதுவும் தடவ வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தாலும், முகத்தில் பட்டாலும் டாக்டரிடம் போய்விடுங்கள்.

ஓவன்? இப்போது வேண்டாம். அந்தப் பணத்தில் சில நூறு ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் தராசு வாங்குங்கள். ஒரே கப் மைதாவை நீங்கள் அளந்தால் 120 கிராம், பையன் அமுக்கி அளந்தால் 150 கிராம். ஓவன் இருந்தாலும் இந்த வித்தியாசம் போகாது. ஆறு மாதம் கழித்தும் ஆசை குறையவில்லையென்றால் ஓடிஜி (மேலும் கீழும் கம்பி சூடேறும் மின்சார ஓவன்) வாங்கலாம். இருபது லிட்டர் அளவு உங்கள் வீட்டுக்குப் போதும். கடைக்காரர் மைக்ரோவேவ் ஓவனைக் காட்டினால், கன்வெக்‌ஷன், அதாவது உள்ளே சூடான காற்றைச் சுற்றவிடும் வசதி, இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாததில் பிஸ்கட் சிவக்காது.