ஷெல் கருவியில் ஒரே நேரத்தில் பல வேலைகள்: கேள்வி பதில்

கேள்வி: பட்டியலில் உள்ள படங்களை ஒவ்வொன்றாகச் சுருக்கும் சிறு கருவியை ஷெல்லில், அதாவது தட்டச்சு செய்யும் கட்டளைகளை இயக்கும் நிரலில், எழுதி வைத்திருக்கிறேன். கட்டளையின் முடிவில், அதைப் பின்னணியில் ஓடவிடும் & குறியைச் சேர்த்து, இறுதியில் எல்லாம் முடியும்வரை காத்திருக்கும் வெயிட் (wait) கட்டளையை எழுதினால் போதுமா?

பதில்: ஐந்து படங்களுக்குப் போதும், ஐயாயிரம் படங்களுக்குப் போதாது, ஏனெனில் ஷெல் அத்தனையையும் ஒரே மூச்சில் தொடங்கிவிடும், நினைவகம் திணறும். அதைவிடப் பெரிய குறை வேறு: செயல்முறை எண் (ஓடும் ஒவ்வொரு வேலைக்கும் கணினி தரும் எண்) எதுவும் கொடுக்காமல் வெயிட்டை அழைத்தால், எத்தனை வேலைகள் தோற்றிருந்தாலும் அது வெற்றியைக் குறிக்கும் சுழியத்தையே திருப்பும். வேலையைத் தொடங்குவது எளிது. அது எப்படி முடிந்தது என்று கேட்டு வாங்குவதில்தான் உழைப்பு இருக்கிறது. ஒவ்வொரு வேலையும் தொடங்கியவுடன் $! மாறியில் கிடைக்கும் எண்ணைச் சேமித்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வெயிட் செய்யுங்கள். வெளியேறு நிலையை, அதாவது வேலை வென்றதா தோற்றதா என்று சொல்லும் எண்ணை, எந்தக் கட்டத்திலும் தொலைக்காதீர்கள்.

ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளுக்கு வரம்பு வைக்க, பாஷ் (bash) என்ற ஷெல்லின் 4.3 பதிப்பில் வந்த ‘வெயிட் -என்’ (wait -n) உதவும்; ஏதேனும் ஒரு வேலை முடிந்தவுடன் அதன் நிலையோடு திரும்பும். முடிந்தது எந்த வேலை என்பதை 5.1-இல் சேர்ந்த, சிறிய எழுத்து ‘-பி’ (-p) தெரிவு சொல்லும். டெபியன், உபுண்டு கணினிகளில் எஸ்ஹெச் (sh) என்ற பெயரில் ஓடுவது டாஷ் (dash) என்ற வேறொரு ஷெல். அதில் இந்த வசதி இல்லை. ஆகவே முதல் வரியில் பாஷ் என்றே எழுதுங்கள்.

கேள்வி: இதற்கு, பட்டியலில் உள்ள பெயர்களைக் கட்டளைக்குக் கொடுத்து ஓட்டும் எக்ஸார்க்ஸ் (xargs) போதாதா?

பதில்: வேலைகள் ஒன்றையொன்று சாராதவை என்றால் தாராளமாகப் போதும். ஆனால் ஒரே நேரத்தில் எத்தனை வேலைகள் என்று சொல்லும் பெரிய எழுத்து ‘-பி’ (-P) தெரிவை மட்டும் கொடுத்து, ஒரு கட்டளைக்கு எத்தனை பெயர்கள் என்று சொல்லும் ‘-என்’ (-n) கொடுக்க மறப்பவர்கள் பலர். அப்போது எக்ஸார்க்ஸ் ஒரு கட்டளைக்குள் கொள்ளும் அளவு பெயர்களைத் திணிப்பதால், சிறிய பட்டியல் என்றால் ஒரே ஒரு செயல்முறைதான் ஓடும். வேலை ஏதேனும் 1 முதல் 125 வரையிலான நிலையோடு முடிந்தால் குனூ (GNU) திட்டத்தின் எக்ஸார்க்ஸ் 123 என்று திருப்பும். 255 என்றால் மீதியைத் தொடங்காமலே நிறுத்திவிடும். இந்த எண்களைப் பார்க்காத கருவி, தோல்வியை வெற்றி என்று அறிவிக்கும்.

கேள்வி: எத்தனை வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டலாம்?

பதில்: கணக்கீடு மிகுந்த வேலைக்கு கணினியில் எத்தனை கோர்கள் (கணக்கிடும் அலகுகள்) உள்ளன என்று சொல்லும் என்பிராக் (nproc) கட்டளை தரும் எண்ணிலிருந்து தொடங்கி, அளந்து கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள். வலையமைப்புக்காகக் காத்திருக்கும் வேலைக்கு மறுமுனைச் சேவையகம் எவ்வளவு தாங்கும் என்பதே வரம்பு.

கேள்வி: வெளியீடுகள் ஒன்றோடொன்று கலந்து வருகின்றன. என்ன செய்வது?

பதில்: ஒவ்வொரு வேலையின் வெளியீட்டையும் பிழைச் செய்தியையும் தனித் தற்காலிகக் கோப்பில் சேர்த்து, வேலை முடிந்தபின் மொத்தமாக அச்சிடுங்கள். வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டும் குனூ பேரலல் (parallel) கருவி இயல்பாகவே இப்படித்தான் தொகுக்கிறது. நிரல்களைத் தொகுத்து உருவாக்கும் குனூ மேக் (make) கருவியும் இதே காரணத்துக்காகவே 4.0 பதிப்பில் வெளியீட்டை ஒழுங்குபடுத்தும் தெரிவைச் சேர்த்தது.

கேள்வி: இதை ஏற்க முடியவில்லை. லினக்ஸில் குழாய்க்குள் (ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கொண்டுசெல்லும் pipe) 4096 பைட் வரை எழுதுவது பிளவுபடாது என்று இயங்குதளத்தின் மையமான கர்னலே உறுதி தருகிறது. பிறகு எதற்குத் தற்காலிகக் கோப்பு?

பதில்: உறுதி உண்மைதான்; ஆனால் அது ஒற்றை ‘ரைட்’ (write) அழைப்புக்கு, அதாவது நிரல் ஒருமுறை கர்னலிடம் எழுதக் கேட்பதற்கு, மட்டுமே உரியது. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பாசிக்ஸ் (POSIX) தரநிலை கேட்கும் குறைந்தபட்சமோ 512 பைட். திரைக்குப் பதில் குழாய்க்கு எழுதும்போது, பெரும்பாலான நிரல்கள் பயன்படுத்தும் சி மொழி நூலகம் வரிகளை உடனே அனுப்பாமல் இடையகம் (buffer எனும் தற்காலிகச் சேமிப்பிடம்) நிறையும் வரை சேர்த்து வைக்கும். நிறையும் இடம் வரியின் நடுவாகவும் இருக்கலாம். ‘படம் 417 முடி’ என்பதை ஒரு வேலை எழுத, ‘ந்தது’ என்ற மீதி வருவதற்குள் இன்னொரு வேலையின் வரி நுழைந்துவிடும்.

கேள்வி: இடையகத்தின் போக்கை மாற்றும் எஸ்டிடிபஃப் (stdbuf) கட்டளை கொண்டு வரிக்கு வரி அனுப்பச் செய்தால் தீராதா?

பதில்: தன் இடையகத்தைத் தானே நிர்வகிக்கும் நிரலிடம் அது பலிக்காது. பலித்தாலும் வரிகள்தான் முழுமையாக வரும். ‘கோப்பு திறக்கவில்லை’ என்ற வரி எந்தப் படத்துக்கு உரியது என்று எப்படி அறிவீர்கள்? வரி சிதையாமல் வருவதும், செய்தி உரிய வேலையோடு சேர்ந்து வருவதும் வெவ்வேறு தேவைகள். இரண்டாவதைத் தராத கருவியை இரவில் தனியே ஓடவிட்டு நம்ப முடியாது.

கேள்வி: என் கணினியில் எட்டு கோர்கள் உள்ளன. எத்தனை வேலைகள் வைக்கட்டும்?

பதில்: மேலேயே சொல்லியிருக்கிறேன். அளந்து பாருங்கள்.

கேள்வி: கண்ட்ரோல்-சி அழுத்தினால் கருவி நிற்கிறது, பின்னணி வேலைகள் நிற்பதில்லையே?

பதில்: வேலைக் கட்டுப்பாடு இல்லாத ஷெல்லில் (கோப்பில் எழுதி ஓட்டும் கருவிகளில் இயல்பு நிலை இதுவே), & வழியாகத் தொடங்கியவை அந்தக் குறுக்கீட்டுச் சமிக்ஞையைப் புறக்கணிக்கும்; பாசிக்ஸ் விதியே அதுதான். சமிக்ஞை வரும்போது என்ன செய்வது என்று சொல்லும் டிராப் (trap) கட்டளையை எழுதி, சேமித்த எண்களுக்கு, முடித்துக்கொள்ளச் சொல்லும் டெர்ம் (TERM) சமிக்ஞையை அனுப்பி, பிறகு வெயிட் செய்து நிலைகளை வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: விண்டோஸ் பவர்ஷெல்லில் இதை எப்படிச் செய்வது?

பதில்: அது என் துறை அன்று, பவர்ஷெல் அறிந்தவரைக் கேளுங்கள்.

கேள்வி: பதினாறு கோர் என்றால்?

பதில்: அதே பதில்தான். எண்ணிக்கையைப் பற்றி இனி எழுத மாட்டேன்.

கேள்வி: தோற்ற வேலைகளின் எண்ணிக்கையையே கருவியின் வெளியேறு நிலையாகத் தரலாமா?

பதில்: அப்படியே தரக்கூடாது. அந்த நிலையில் ஷெல்லுக்குக் கிடைப்பது 8 பிட் மட்டுமே. சரியாக 256 வேலைகள் தோற்றால் அது சுழியமாகிவிடும், அழைத்தவர் எல்லாம் நலம் என்று எண்ணுவார். குனூ பேரலல் 100 வரை எண்ணிக்கையைத் தந்து, அதற்கு மேல் போனால் 101 என்று நிறுத்திக்கொள்கிறது. நீங்களும் அப்படி ஓர் உச்சம் வைத்து, முழு எண்ணிக்கையைப் பதிவுக் கோப்பில் எழுதுங்கள்.