வாங்கிய வீட்டில் ஏற்கெனவே இருக்கும் சிசிடிவி கேமராவை அப்படியே பாவிக்கலாமா?

பாவிக்கலாம், ஆனால் முதலில் பழைய உரிமையாளரின் கணக்கை நீக்க வேண்டும். படத்தைப் பதிந்து வைக்கும் பெட்டிதான் டிவிஆர். அது, தன்னைத் தயாரித்த கம்பெனியின் சர்வர் வழியாக பழைய உரிமையாளரின் போன் செயலியோடு இணைந்திருக்கும், உறுதி எழுதி வீடு கைமாறினாலும் அந்த இணைப்பு தானாக அறாது. பூட்டை மாற்றாமல் சாவியை அவரிடமே விட்டு வைப்பது போலத்தான்.

அவர் பக்கத்தில் இருக்கும்போதே செயலியிலிருந்து கருவியை நீக்கச் சொல்லுங்கள், அப்புறம் ரீசெட் செய்து புதுக் கடவுச்சொல் போடுங்கள். சில வகைகளில் வெறும் ரீசெட் அந்தக் கணக்கை அழிக்காது, இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். மட்டக்களப்பின் கல்லடி மாதிரி கடலோரம் என்றால் உப்புக் காற்றில் வயர் முனைகள் கறள் பிடித்திருக்கும், மாரி மழைக்கு முன் பாருங்கள்.

வைஃபை கடவுச்சொல்லை மாற்றினால் போதும் என்பது தவறு. டிவிஆர் உங்கள் புது இணைப்பில் ஏறியதும் நீக்காத பழைய கணக்குக்கும் படம் போகும்.