மூன்று நோட் கலேரா கிளஸ்டரில் லாக் டைம்அவுட்டைக் கூட்டியும் டெட்லாக் பிழை ஏன் நிற்கவில்லை?

கேள்வியின் சுருக்கம் இது: ஒற்றை மரியாடிபி தரவுத்தள சர்வரில் ஒழுங்காக ஓடிய அப்ளிகேஷன், மூன்று நோட் கலேராவுக்கு (ஒரே தரவை வைத்திருக்கும் மூன்று மரியாடிபி சர்வர்களின் கூட்டு, ஒவ்வொரு சர்வரும் ஒரு நோட்) மாறியதும் கமிட் (மாற்றங்களை உறுதியாகப் பதிவது) செய்யும்போது 1213 டெட்லாக் (ஒருவர் லாக்குக்காக மற்றவர் காத்திருந்து முடங்குவது) பிழை தருகிறது. லாக்குக்காக (டேபிளின் ஒரு வரியை மற்றவர் மாற்றாதபடி பூட்டுவது) எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்ற ‘இன்னோடிபி லாக் வெயிட் டைம்அவுட்’ அளவை 50 விநாடியிலிருந்து 120 ஆக்கியும் பலனில்லை.

பலன் இருக்காது. அந்த அளவு ஒரே நோடுக்குள் ஒருவருக்கொருவர் காத்திருப்பவர்களுக்கு மட்டும்தான். கலேராவில் நோட்களுக்கு நடுவே லாக் என்பதே கிடையாது. டிரான்சாக்‌ஷன் (ஒன்றாகவே பதியவோ கைவிடவோ வேண்டிய கட்டளைகளின் தொகுப்பு) தன் நோடில் யாரையும் கேட்காமல் ஓடி முடிக்கும். கமிட் வரும்போதுதான் மாறிய வரிகளும் அவற்றின் கீகளும் (வரியை அடையாளம் காட்டும் மதிப்புகள்) ஒரு ரைட்செட்டாக எல்லா நோடுக்கும் ஒரே வரிசையில் போகும். ஒரே வரியை இருவர் தொட்டிருந்தால் வரிசையில் முந்தியவர் ஜெயிப்பார், பிந்தியவருக்கு 1213. பெயர்தான் டெட்லாக், உண்மையில் யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. 120-ஐத் திரும்ப 50 ஆக்கிவிடுங்கள். உள்ளூர் லாக்கில் மாட்டியவரை வீணாகக் கூடுதல் நேரம் தொங்கவிடுவதைத் தவிர அது எதுவும் செய்யாது.

படிக்கும்போதே வரியை லாக் செய்யும் ‘செலக்ட் ஃபார் அப்டேட்’ போட்டிருக்கிறோமே என்று நினைப்பீர்கள். அதுவும் அந்த நோடோடு சரி. ஒரு கணக்கில் 1000 இருப்பு என்று வைத்துக்கொள்வோம். முதல் நோடில் ஒருவர், இரண்டாம் நோடில் ஒருவர், இருவருமே ஃபார் அப்டேட் போட்டு, இருவருக்குமே உடனே லாக் கிடைத்து, இருவருமே 1000 என்று படிப்பார்கள். முதலாமவர் 300 கழித்து 700 என்று எழுதிக் கமிட் செய்கிறார். அந்த ரைட்செட் இரண்டாம் நோடுக்கு வந்ததும், அங்கே லாக்கைப் பிடித்திருப்பவரைத் தள்ளிவிட்டுத்தான் எழுதும். 800 கழிக்க வந்த இரண்டாமவருக்கு அடுத்த கட்டளையிலோ கமிட்டிலோ 1213 வரும்.

இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். மறுமுயற்சி என்று அப்டேட்டை மட்டும் திரும்ப அனுப்பினால், பழைய கணக்குப்படி 200 என்று எழுதிவிடும். பிழை போய்விடும், கூடவே 300 கழித்த கணக்கும் போய்விடும். மறுமுயற்சி எப்போதும் முதல் செலக்டிலிருந்து தொடங்க வேண்டும். அப்போதுதான் 700 என்று படித்து, இருப்பு போதாது என்று சொல்லும். 3 முதல் 5 முறை போதும். நடுவே 50, 100, 200 மில்லிவிநாடி என்று கூட்டி, கொஞ்சம் ரேண்டமும் சேருங்கள். இல்லையென்றால் மோதிய இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி வந்து மறுபடி மோதுவார்கள். கமிட்டின் விடையைச் சோதிக்காத புரோகிராம் பகுதி இருந்தால் அதை முதலில் திருத்துங்கள். கலேராவில் கமிட்டே தோற்கலாம்.

1205-ஐ இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 1213 வந்தால் முழு டிரான்சாக்‌ஷனும் ரோல்பேக் ஆகியிருக்கும், அதாவது அதில் செய்ததெல்லாம் நீங்கியிருக்கும். 1205 என்பது உள்ளூர் லாக் டைம்அவுட். இயல்பு அமைப்பில் கடைசிக் கட்டளை மட்டும்தான் ரோல்பேக் ஆகும். அதைக் கவனிக்காமல் கமிட் செய்தால் பாதி வேலை பதிவாகிவிடும். ‘இன்னோடிபி ரோல்பேக் ஆன் டைம்அவுட்’ என்பதை ஆன் செய்தால் முழுதும் ரோல்பேக் ஆகும். சர்வரை மறுபடி தொடங்க வேண்டும்.

எங்கே மோதுகிறது என்று பார்க்க இன்னோடிபி ஸ்டேட்டஸில் தேடாதீர்கள், இந்த வகை மோதல் அங்கே வராது. ‘டபிள்யூஎஸ்ரெப் லாக் கான்ஃபிளிக்ட்ஸ்’ (இங்கே லாக் என்பது பூட்டு அல்ல, பதிவு, log) ஆன் செய்தால் (செட்டிங் பெயர்களில் இடைவெளி உள்ள இடத்தில் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்) மோதிய டேபிள் எது என்று எரர் லாகில் (பிழைப் பதிவுக் கோப்பில்) வரும். கூடவே ‘டபிள்யூஎஸ்ரெப் லோக்கல் சர்ட் ஃபெயிலியர்ஸ்’, ‘டபிள்யூஎஸ்ரெப் லோக்கல் பிஎஃப் அபார்ட்ஸ்’ என்ற இரண்டு எண்ணிக்கைகளையும் 10 நிமிட இடைவெளியில் எடுத்து வித்தியாசத்தைப் பாருங்கள். சர்வர் எழுந்ததிலிருந்து கூடிக்கொண்டே வரும் எண்கள் அவை, தனியாகப் பார்த்தால் அர்த்தமில்லை.

மோதலையே குறைக்க ஒரே நல்ல வழி, எழுதுவதை எல்லாம் ஒரு நோடுக்கு அனுப்புவது. அப்போது சாதாரண வரி லாக் பழையபடி வேலை செய்யும், ஃபார் அப்டேட்டுக்கும் மதிப்பு திரும்பும். மூன்று நோடிலும் எழுதினால் மூன்று மடங்கு வேகம் என்பது வெறும் ஆசை. எல்லா மாற்றமும் எல்லா நோடிலும் எழுதப்பட்டே ஆக வேண்டும். இணைப்புகளைச் சர்வர்களுக்குப் பிரித்தனுப்பும் ஹெச்ஏபிராக்சியில் மற்ற இரண்டையும் ‘பேக்கப்’ என்று குறித்தால் போதும். ஒரு பொறி மட்டும் உண்டு: முதல் நோட் விழுந்து எழுந்தபின், புது இணைப்புகள் அதற்குப் போகும், பழையவை இரண்டாம் நோடிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். ‘ஆன் மார்க்ட் அப் ஷட்டவுன் பேக்கப் செஷன்ஸ்’ (இதில் மட்டும் முதல் மூன்று சொற்களுக்கு நடுவேயும் கடைசி மூன்றுக்கு நடுவேயும் சிறுகோடு, ‘அப்’புக்குப் பிறகு இடைவெளி) என்பதை முதல் நோடின் சர்வர் வரியில் சேருங்கள். விட்டுவிட்டால், எல்லாம் சரியான பிறகு திடீரென 1213 மழை பெய்யும்.

மோதிய கட்டளையைச் சர்வரே எத்தனை முறை திரும்ப முயல வேண்டும் என்ற ‘டபிள்யூஎஸ்ரெப் ரீட்ரை ஆட்டோகமிட்’ இயல்பில் 1. அதை 4 ஆக்கலாம். ஆனால் தனிக் கட்டளைகளுக்குத்தான் உதவும், பிகின் போட்டுத் தொடங்கியவற்றுக்கு இல்லை. தானாகக் கூடும் எண் கீகளுக்கான ‘இன்னோடிபி ஆட்டோஇன்க் லாக் மோட்’ 2 ஆக இருக்க வேண்டும். லட்சம் வரிகளை ஒரே டெலீட்டில் அழிக்காமல் 1000 முதல் 5000 வரை துண்டாக்குங்கள்; டிரான்சாக்‌ஷன் பெரிதாக ஆக மோதலில் சிக்கும் பரப்பும் பெரிதாகும்.

பெயரிட்ட லாக் தரும் ‘கெட் லாக்’ வைத்து ஒரு வேலை ஒரு முறைதான் ஓட வேண்டும் என்று கட்டுப்படுத்தியிருந்தால், அதையும் மாற்றுங்கள். மூன்று நோடும் தனித்தனியே லாக் கொடுத்து, வேலை மூன்று முறை ஓடும். பதிலுக்கு, வேலையின் பெயரையும் தேதியையும் பிரைமரி கீயாக வைத்து ஒரு சிறு டேபிள். அதில் இன்சர்ட் செய்து, கமிட் வெற்றி பெற்ற பிறகே வேலையைத் தொடங்குங்கள். இன்சர்ட் முடிந்ததும் கமிட்டுக்கு முன்பே தொடங்கினால் பயனில்லை. யார் ஜெயித்தார் என்று தெரிவது கமிட்டில்தான்.