விரல் தேய்ந்தவரின் காமெடி

கேள்வி: சிப்காட் தொழிற்பேட்டையில் காண்ட்ராக்ட் வேலை பார்த்த இளைஞர் ஒருவர், புதுச்சேரியில் தனியாளாக மேடையேறி ஷிப்ட், சூப்பர்வைசர், சம்பளப் பிடித்தம் என்று பேசியே கூட்டத்தைச் சிரிக்க வைக்கிறார். உழைப்பவன் படும் பாட்டை டிக்கெட் போட்டு விற்கலாமா?
– ஒரு வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: டிக்கெட்டா உறுத்துகிறது? நம் தென்னாற்காட்டுக் கூத்தில் கட்டியங்காரன் என்ற கோமாளி துரியோதனன் கொலுவுக்கு நடுவே புகுந்து, தூர் வாராத வாய்க்காலைப் பற்றிப் பேசுவான். ராஜா வேஷக்காரரையே கிண்டல் செய்வான். ஊர் வரி வசூலித்துத்தான் அந்தக் கூத்துக்குக் கூலி கொடுத்தார்கள். பேசிப் பிழைப்பவனுக்கு மட்டும் ஏன் நமக்குக் காசு எடுக்கக் கை வருவதில்லை?

அந்த நிகழ்ச்சியை நானும் பார்த்தேன். கேட்டில் இருக்கும் கைரேகை மெஷினைப் பற்றி மட்டும் கால் மணி நேரம் பேசுகிறார். டிரம் உருட்டியும் கெமிக்கல் பட்டும் ரேகை தேய்ந்த ஒருவர் கட்டைவிரலை வைக்கிறார். மெஷின் ஏற்கவில்லை. சட்டையில் துடைத்து வைக்கிறார், ஊதி வைக்கிறார், ஆள்காட்டி விரலை வைக்கிறார். பின்னால் வரிசை கத்துகிறது. கடைசியில் ஆப்சென்ட். "வேலை பார்த்துப் பார்த்துத்தான் ரேகை போச்சு. ரேகை போனதால நீ வேலைக்கே வரலைங்குது!" அப்புறம் அதே விரலோடு ரேஷன் கடை. அங்கேயும் மெஷின், அங்கேயும் அதே கதை. "நான் உயிரோட இருக்கேனான்னு வீட்ல ஒரு தடவை கேட்டுக்கிட்டேன்."

இந்தச் சிரிப்பு மெஷினை வைத்தவர்கள் மேல் விழுகிறது. என் சண்டையெல்லாம் வாட்ச்மேனின் இங்கிலீஷையும் வீட்டு வேலை செய்யும் அம்மாவின் நிறத்தையும் காட்டிச் சிரிக்க வைக்கும் டிவி காமெடியோடுதான். பல வருஷமாக இந்தப் பக்கத்தில் அதைத் திட்டி எழுதுகிறேன். அந்தக் காமெடி சரியா என்று கேட்டு ஒரு கார்டு கூட வந்ததில்லை!

அவர் பன்னிரண்டு மணி நேர ஷிப்டைப் பற்றிப் பேசியபோது எனக்குச் சவானா மில் ஞாபகம் வந்தது. அதே புதுச்சேரியில் 1936 ஜூலை 30 அன்று, வேலைநிறுத்தம் செய்த மில் தொழிலாளர்களைப் பிரெஞ்சு போலீஸ் சுட்டது. 12 பேர் செத்தார்கள். எட்டு மணி நேர வேலை அதன் பிறகுதான் சட்டமானது. அந்தக் கதையையும் அவர் மேடையில் சொல்ல வேண்டும். அவர் வாயால் கேட்டால் இளைஞர்களுக்கு உறைக்கும்.

எனக்கு ஒரே ஒரு குறை. நிகழ்ச்சி மாலை ஏழு மணிக்கு. இரண்டாம் ஷிப்ட் விடுவதோ இரவு பத்துக்கு. யாரைப் பற்றிப் பேசுகிறாரோ அவர்கள் அந்த நேரத்தில் மெஷின் முன்னால் நிற்கிறார்கள். கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு வாருங்கள் தம்பி. கூத்து மாதிரி இரவு பதினொன்றுக்கு ஆரம்பியுங்கள். டிக்கெட்டையும் போடுங்கள்.