யார் போனார், எந்த இடம் காலி: கல்லூரி ஃபுட்பாலும் ஃபேன்டஸி டிராஃப்டும், கேள்வி பதில்

2025 ஆகஸ்ட் நடுவில் இருக்கிறோம். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் சீசன் 23ஆம் தேதி டப்ளினில், அயோவா ஸ்டேட் – கன்சாஸ் ஸ்டேட் ஆட்டத்தோடு தொடங்குகிறது. தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். செப்டம்பர் 4 அன்று. நடுவில் இருக்கும் இந்த நாட்களில்தான் பெரும்பாலான ஃபேன்டஸி லீக்குகள் (நிஜ ஆட்டக்காரர்களை வைத்து நாம் கற்பனை அணி சேர்த்து ஆடும் போட்டிகள்) டிராஃப்ட், அதாவது முறை வைத்து ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நாள், வைக்கின்றன. வந்த கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணா, ஜனவரியில் பார்த்த டீமில் இப்போது பாதிப் பேரைக் காணோம். கல்லூரி ஃபுட்பாலில் என்னதான் நடக்கிறது?

ஒரே வருடத்தில் நடந்தது இல்லை, ஏழு வருடமாகச் சேர்ந்து வந்தது. முன்பெல்லாம் ஒரு பையன் கல்லூரி மாறினால் ஒரு சீசன் முழுக்க ஆடாமல் உட்கார வேண்டும். 2018 அக்டோபரில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. மாற விரும்புகிறவர் அதில் பெயர் பதிந்தால் போதும், மற்றக் கல்லூரிகள் அவரிடம் பேசலாம். 2021இல், முதல் முறை மாறுகிறவர் உட்கார வேண்டாம் என்றார்கள். 2024 ஏப்ரலில் அந்த ஒருமுறை வரம்பும் போனது. படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம்.

கூடவே பணம் வந்தது. 2021 ஜூலை 1 முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். இந்த ஜூன் 6 அன்று, ஆட்டக்காரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் கொடுத்தார். அதனால் ஜூலை 1 முதல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம். ஒரு கல்லூரிக்கு எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து இந்த ஆண்டு உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். ஃபுட்பாலில் 85 ஸ்காலர்ஷிப் என்ற பழைய கணக்கு போய், அணியில் 105 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது.

ஆட்டக்காரர்களுக்குப் பணம் போவது நியாயம் என்றே நினைக்கிறேன். கோடிக்கணக்கில் டிவி ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, ஆடுகிறவனுக்கு ஒன்றும் இல்லை என்பது எந்த வகையிலும் சரியில்லை. ஆனால் 105 வரம்பு வேறு ஒரு கூட்டத்தை அடிக்கிறது. ஸ்காலர்ஷிப் இல்லாமல், ஆசைக்காக மட்டும் தினமும் பயிற்சிக்கு வரும் வாக்-ஆன் பையன்கள் பலருக்கு இனி இடம் இல்லை. அவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசாதது எனக்கு வருத்தம்.

நாக்ஸ்வில்லில் இருக்கிறேன். நிகோ ஐயமலேயாவா போனதை இன்னும் ஏற்க முடியவில்லை. டென்னசி இந்த வருடம் என்ன ஆகும்?

நடந்தது இதுதான். போன சீசன் டென்னசியை 10 வெற்றிகளோடு பிளேஆஃபுக்குக் கொண்டுபோன குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) நிகோ, ஏப்ரலில் பணப் பேச்சு பற்றிய செய்திகளுக்கு நடுவே பயிற்சிக்கு வரவில்லை. டீம் அவரை விட்டுவிட்டது, அவர் யு.சி.எல்.ஏ. போனார். குளிர்காலத்தில் அப்பலாச்சியன் ஸ்டேட்டிலிருந்து யு.சி.எல்.ஏ. வந்திருந்த ஜோயி அகிலார் அங்கிருந்து கிளம்பி டென்னசிக்கே வந்துவிட்டார்.

கல்லூரி ஃபேன்டஸி ஆடுகிறவர்கள் அகிலாரைக் கவனிக்க வேண்டும். 2023இல் அப்பலாச்சியனில் 3,757 யார்டு, 33 டச்டவுன் (பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்த்து எடுக்கும் ஸ்கோர்) எறிந்தவர் அவர். டென்னசி கோச் ஜாஷ் ஹைப்பலின் ஆட்டம் வேகமானது, ஒரு மேட்சில் நிறைய பிளே ஓடும். அதைவிட முக்கியமாக, ரன்னிங் பேக் (பந்தை ஏந்தி ஓடுபவர்) டிலன் சாம்ப்சன் என்.எஃப்.எல். போய்விட்டார். போன வருடம் அவர் ஓடி அடித்த 22 டச்டவுன் இப்போது யாருக்கும் சொந்தமில்லை. அந்தப் பந்துகள் யார் கைக்குப் போகும் என்று பயிற்சிச் செய்திகளில் தேடுங்கள்.

நான் என்.எஃப்.எல். ஃபேன்டஸி மட்டும்தான் ஆடுகிறேன். கல்லூரியில் யார் எங்கே மாறினால் எனக்கென்ன?

நிறைய இருக்கிறது. ஜேடன் டேனியல்ஸ் அரிசோனா ஸ்டேட்டிலிருந்து எல்.எஸ்.யு. போனவர், அங்கேதான் கல்லூரியின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கினார். பக்கி இர்விங் மினசோட்டாவிலிருந்து ஓரிகன் போனவர். என்.எஃப்.எல். அணிகளின் டிராஃப்டில் நான்காவது ரவுண்டில் டாம்பா பே எடுத்தது, முதல் வருடமே 1,122 யார்டு ஓடினார். புக்கா நக்குவா வாஷிங்டனிலிருந்து பி.ஒய்.யு. போனவர், ஐந்தாவது ரவுண்டில் 177ஆவது ஆளாகப் போய், 105 கேட்ச், 1,486 யார்டு என்று ரூக்கி (முதல் வருட ஆட்டக்காரர்) சாதனையே படைத்தார். இந்த வருடம் முதலில் எடுக்கப்பட்ட கேம் வார்டு மூன்று கல்லூரி பார்த்தவர்: இன்கார்னேட் வேர்ட், வாஷிங்டன் ஸ்டேட், மயாமி.

ஒருவர் புதிய கோச், புதிய பிளேபுக் (ஆட்டத் திட்டங்களின் தொகுப்பு), புதிய ஆட்களோடு போய் உடனே ஆடினாரா என்பதைக் கல்லூரியிலேயே பார்க்க முடிகிறது. என்.எஃப்.எல். ரூக்கிக்கும் அதே சோதனைதான். மாறிய இடத்திலும் எண்கள் குறையவில்லை என்றால் நான் அந்த ஆளுக்கு ஒரு ரவுண்டு முன்னாலேயே கை நீட்டுவேன்.

ஆஷ்டன் ஜென்டியை முதல் ரவுண்டில் எடுக்கலாமா? ரூக்கி என்பதால் பயமாக இருக்கிறது.

எடுக்கலாம். இவர் மாறாமலே இருந்தவர். பெரிய கல்லூரிகள் கூப்பிட்டும் பாய்சி ஸ்டேட்டிலேயே நின்றார், அதை நான் மதிக்கிறேன். போன வருடம் 374 முறை ஓடி 2,601 யார்டு, 29 டச்டவுன். 1988இல் பேரி சாண்டர்ஸ் வைத்த 2,628 யார்டு சாதனைக்கு 27தான் குறைவு. 2023இல் 43 கேட்ச் பிடித்தவர் என்பதால் கேட்சுக்கும் பாயின்ட் தரும் பி.பி.ஆர். லீக்கிலும் மதிப்பு உண்டு.

ஆனால் என்னை ஒத்துக்கொள்ள வைப்பது இந்த எண்கள் இல்லை, அவர் போய்ச் சேர்ந்த இடம். அவரை எடுத்த ரெய்டர்ஸ் போன சீசன் ஒரு மேட்சுக்கு 80 யார்டுகூட ஓடவில்லை, லீக்கிலேயே கடைசி. இப்போது கோச் பீட் கேரல், பந்தை ஓட்ட விரும்புகிற ஆள். ஆட்டத் திட்டம் போடுவது ஓஹாயோ ஸ்டேட்டில் போன சீசன் கோப்பை வென்ற சிப் கெல்லி. ஆறாவது ஆளாக எடுத்த ரன்னிங் பேக்கை உட்கார வைக்க மாட்டார்கள். 374 ஓட்டத்துக்குப் பிறகு உடம்பு தாங்குமா என்ற கேள்வி நியாயம்தான். அதற்காக அவரை விடாதீர்கள், ஆறாவது ரவுண்டுக்குள் இன்னொரு நல்ல ரன்னிங் பேக்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சார்ஜர்ஸ் எடுத்த ரூக்கி ரன்னிங் பேக் ஒமாரியன் ஹாம்ப்டன்?

அதே டீமின் ரன்னிங் பேக் நஜி ஹாரிசுக்கு ஜூலை 4 பட்டாசு விபத்தில் கண்ணில் அடிபட்டது. அவர் எப்போது முழுதாகத் திரும்புவார் என்பதைப் பொறுத்து சார்ஜர்ஸில் ஹாம்ப்டனின் முதல் சில வாரங்கள் அமையும். கோச் ஜிம் ஹார்பா எங்கே இருந்தாலும் ஓட்டம்தான் முதல். மூன்றாவது ரவுண்டில் கிடைத்தால் தயங்காதீர்கள்.

டிராவிஸ் ஹன்டர் தாக்குதல், தடுப்பு என்று இரண்டு பக்கமும் ஆடுவாரே, இரண்டுக்கும் பாயின்ட் வருமா?

சாதாரண லீக்கில் பந்து பிடிப்பதற்கு மட்டும்தான். தடுப்பாட்டக்காரர்களைத் தனித்தனியாக எடுக்கும் லீக் என்றால், உங்கள் ஆப் அவரை எந்த இடத்தில் போட்டிருக்கிறது என்று லீக்கை நடத்தும் கமிஷனரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். கொலராடோவில் 96 கேட்ச், 1,258 யார்டு பிடித்த கை அது, திறமையில் சந்தேகமே இல்லை. ஜாக்சன்வில் அவரை ஒரு மேட்சில் எத்தனை பிளே ரிசீவராக நிறுத்தும் என்பதுதான் விலையைத் தீர்மானிக்கும்.

புதிதாக ஆடுகிறேன். பி.பி.ஆர். என்றால் என்ன, அதனால் என்ன மாறும்?

பிடிக்கும் ஒவ்வொரு கேட்சுக்கும் ஒரு பாயின்ட். ஜமார் சேஸ் போன வருடம் 127 கேட்ச் பிடித்தார், அந்த 127 பாயின்ட் பி.பி.ஆர். இல்லாத லீக்கில் வராது. ஆகவே உங்கள் லீக் விதியைப் படிக்காமல் இணையத்தில் கிடைக்கும் ரேங்கிங்கை எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். குவார்ட்டர்பேக் டச்டவுனுக்கு 4 பாயின்டா 6 பாயின்டா என்பதையும் பாருங்கள்.

கல்லூரி ஃபேன்டஸியில் முதல் குவார்ட்டர்பேக்காக யாரை எடுப்பீர்கள்?

ஜான் மட்டீர். வாஷிங்டன் ஸ்டேட்டில் போன வருடம் எறிந்து 29, ஓடி 15, மொத்தம் 44 டச்டவுன். இப்போது ஓக்லஹோமா. எனக்குப் பிடித்த விஷயம், அவருடைய ஆட்டத் திட்டக்காரர் பென் ஆர்பக்கிளும் அதே இடத்துக்குப் போயிருக்கிறார். மற்றவர்கள் புதிய மொழி கற்றுக்கொண்டிருக்கும்போது இவர் பழைய பிளேபுக்கோடு வந்திறங்குகிறார். ஓக்லஹோமா ஆடும் எஸ்.இ.சி. கான்ஃபரன்ஸில் (கல்லூரிகளின் போட்டிக் குழு) தடுப்பாட்டம் கடினம், எண்கள் கொஞ்சம் குறையும். ஆனால் ஓடும் குவார்ட்டர்பேக் எறிதல் சரியில்லாத நாளிலும் பாயின்ட் தருவார்.

கல்லூரி லீக்கில் இன்னொன்று: காயத் தகவல். பிக் டென் கான்ஃபரன்ஸ் 2023இலும் எஸ்.இ.சி. 2024இலும் மேட்சுக்கு முன் யார் ஆடுவார் என்ற அறிக்கை தர ஆரம்பித்தன. அறிக்கை கட்டாயம் இல்லாத கான்ஃபரன்ஸ்களும் இருக்கின்றன, அங்கே ஆட்கள் எடுத்தால் சனிக்கிழமை காலை உள்ளூர் நிருபர்களைப் பின்தொடர வேண்டும்.

12 பேர் லீக், ஸ்னேக் டிராஃப்ட் (ஒவ்வொரு ரவுண்டிலும் வரிசை தலைகீழாகத் திரும்பும்), எனக்கு 11ஆவது இடம். துரதிர்ஷ்டம்தானே அண்ணா?

இல்லை தம்பி. உங்கள் தேர்வுகள் 11, 14, 35, 38. 11க்கும் 14க்கும் நடுவில் எடுப்பது ஒரே ஒரு ஆள், அதுவும் இரண்டு முறை. ஆக நீங்கள் எப்போதும் ஜோடியாக யோசிக்கலாம். 12ஆவது இடத்துக்காரர் ஏற்கெனவே குவார்ட்டர்பேக் எடுத்துவிட்டார் என்றால் அவர் உடனே இன்னொருவரை எடுக்க வாய்ப்பு குறைவு. உங்கள் குவார்ட்டர்பேக்கை இரண்டாவதாக விட்டுவைத்து, ரிசீவரை முதலில் எடுங்கள்.

கவலைப்பட வேண்டியது 14க்குப் பிறகு. 35 வரும்வரை 20 பேர் போய்விடுவார்கள். அதனால் ரேங்கிங்கை 1, 2, 3 என்று வரிசையாக வைக்காமல், கிட்டத்தட்ட ஒரே மதிப்புள்ளவர்களை ஒரு கூட்டமாகப் பிரித்து வையுங்கள். ஒரு கூட்டத்தில் இரண்டே பேர் மிச்சம், நீங்கள் திரும்பி வர 20 பேர் போவார்கள் என்றால் இப்போதே எடுங்கள். ஏழு பேர் மிச்சம் என்றால் வேறு இடத்தை நிரப்புங்கள். இதை மாக் டிராஃப்டில், அதாவது ஒத்திகை டிராஃப்டில், பழகலாம். கிக்கரும் டிஃபென்சும் கடைசி இரண்டு ரவுண்டில் போதும்.

எங்கள் லீக்கில் டிராஃப்ட் எந்தத் தேதியில் வைக்கலாம் என்று சண்டை. நீங்கள் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 26 அன்று என்.எஃப்.எல். அணிகள் 53 பேராகக் குறைக்க வேண்டும். யார் முதலில் ஆடுவார், யார் வெளியே என்பது அன்றுதான் தெளிவாகும். பிரீசீசனில் அடிபட்டவர்களின் நிலையும் அதற்குள் தெரிந்துவிடும். செப்டம்பர் 4 வியாழன் இரவு டல்லஸ் – ஃபிலடெல்பியா. ஆகவே ஆகஸ்ட் 30 முதல் செப்டம்பர் 3க்குள் வையுங்கள். 30ஆம் தேதி மதியம் மட்டும் வேண்டாம், அன்று டெக்சாஸ் கொலம்பஸுக்குப் போய் ஓஹாயோ ஸ்டேட்டோடு ஆடுகிறது, டெக்சாஸ் குவார்ட்டர்பேக் ஆர்ச் மேனிங் ஆடுவதை விட்டுவிட்டு யாரும் டிராஃப்டுக்கு வர மாட்டார்கள். திங்கள் லேபர் டே விடுமுறை, எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். அன்று காலை வைத்துக்கொள்ளுங்கள்.