அலாரம் அடித்தால் முதலில் வெளியேறுங்கள்: கேஸ் டிடெக்டர் கேள்வி பதில்

கேள்வி: சார், வீட்டு டிடெக்டர் நள்ளிரவில் கத்தினால் முதலில் என்ன செய்வது?

எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள். போடும்போது மட்டுமல்ல, அணைக்கும்போதும் உள்ளே தீப்பொறி வரும். விளக்கும் வேண்டாம், எக்ஸாஸ்ட் ஃபேனும் வேண்டாம். கைக்கு எட்டினால் ரெகுலேட்டரை மூடுங்கள். போகிற வழியில் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள். போனை வெளியே போய் எடுங்கள். வாடை வரவில்லையே என்று தயங்க வேண்டாம். சளி பிடித்த மூக்குக்கு வாடை எட்டாது.

கேள்வி: டெஸ்ட் பட்டனை அழுத்தினால் சத்தம் வருகிறது. அது போதாதா?

போதாது. பல கருவிகளில் அந்தப் பட்டன் பஸ்ஸரையும் மின்சுற்றையும்தான் சோதிக்கிறது. சென்சார் வாயுவை உணர்கிறதா என்று அது சொல்லாது. பின்பக்கம் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

கேள்வி: எங்கள் ஆலையில் சிகரெட் லைட்டரைக் காட்டித்தான் சோதிக்கிறோம். சரியா அண்ணா?

இன்றே நிறுத்துங்கள். பியூட்டேன் தீப்பிடிக்கக் காற்றில் 2 சதவீதம்கூடத் தேவையில்லை. லைட்டர் வாயிலிருந்து வருவதோ ஏறக்குறைய முழு வாயு. அந்த அடியில் கேட்டலிடிக் சென்சாரின் (வாயுவை எரித்து அளக்கும் வகை) உணர்திறன் குறைந்துபோகலாம். அலாரம் அடித்தாலும், குறைந்த அளவிலேயே அடிக்குமா என்பது தெரியாமலே போகும். அளவு தெரிந்த சோதனை வாயு சிலிண்டரைக் கொண்டு, அன்றன்றைய வேலைக்கு முன் பம்ப் டெஸ்ட் (bump test, அந்த வாயுவைச் சற்று நேரம் காட்டிக் கருவி சரியாக உணர்கிறதா என்று பார்ப்பது) செய்யுங்கள். தேறவில்லை என்றால் கேலிபரேஷன், அதாவது சோதனை வாயுவின் அளவுக்கு ஏற்பக் கருவி காட்டும் எண்ணைத் திருத்துவது. ஜீரோ செட் செய்வதை, அதாவது வாயு இல்லாத நிலையைக் கருவிக்குப் பூஜ்யமாக வைப்பதை, சுத்தமான காற்றில்தான் செய்ய வேண்டும். வாயு கலந்த இடத்தில் ஜீரோ வைத்தால் அதற்குப் பிறகு கருவி குறைத்தே காட்டும்.

கேள்வி: டேங்க் வாயில் அளந்தபோது எண் வேகமாக ஏறி, பிறகு ஜீரோவுக்கு இறங்கியது. வாயு கலைந்துவிட்டதா?

கலைந்துவிட்டது என்று நினைக்கவே நினைக்காதீர்கள். இந்தத் தொழிலில் நான் மிகவும் பயப்படும் ஜீரோ இதுதான். கேட்டலிடிக் சென்சார் வாயுவை எரித்துத்தான் அளக்கிறது. எரிய ஆக்சிஜன் வேண்டும். மீத்தேன் காற்றில் சுமார் 5 முதல் 15 சதவீதம் வரை தீப்பிடிக்கும். அதைத் தாண்டி அடர்ந்தால் ஆக்சிஜன் போதாமல் எண் சரிந்துவிடும். விலகி வந்து, ஆக்சிஜன் அளவையும் சேர்த்துப் பாருங்கள். சாதாரணமாக 20.9 சதவீதம் இருக்கும், 19.5-க்குக் கீழே போனால் ஆபத்து. அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் இன்ஃப்ராரெட் சென்சாருக்கு ஆக்சிஜன் தேவையில்லை, ஆனால் அது ஹைட்ரஜனைக் காட்டாது. குழாய் விட்டு அளப்பவர்கள் மேல், நடு, அடி மூன்றிலும், வாயு குழாய் வழியாக ஏறிவரும் நேரம்வரை காத்திருந்து பாருங்கள்.

கேள்வி: அழுகின முட்டை வாடை கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. உள்ளே இறங்கலாமா?

கூடாது. அது ஹைட்ரஜன் சல்பைடு. 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு) அளவில் மூக்கே மரத்துப்போகும். வாடை நின்றது வாயு கூடியதாலும் இருக்கலாம். கருவிகளில் பெரும்பாலும் 10 பிபிஎம்மிலேயே முதல் அலாரம் வைத்திருப்பார்கள். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்திருந்தாலும் சுவாசக் கருவி இல்லாமல் இறங்காதீர்கள். மனசு கேட்காது, தெரியும். ஆனால் காப்பாற்றப் போனவரும் அவர் பக்கத்திலேயே விழுவதுதான் இந்த விபத்துகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது. வெளியிலிருந்தே கயிற்றால் இழுக்கும் ஏற்பாட்டை, ஆள் இறங்குவதற்கு முன்பே செய்து வையுங்கள்.

கேள்வி: டிடெக்டரை எந்த உயரத்தில் மாட்டுவது?

எல்பிஜி காற்றைவிடக் கனம், தரைக்குச் சற்று மேலே. குழாயில் வரும் இயற்கை எரிவாயு லேசானது, கூரைக்குச் சற்றுக் கீழே.

கேள்வி: அடிக்கடி சும்மா கத்துகிறது. கழற்றி வைத்துவிடலாமா?

வேண்டாம். சானிடைசர் ஆவி, ஸ்ப்ரே போன்றவை கத்தவைக்கும். சிலிகான் ஸ்ப்ரே இன்னும் மோசம், கேட்டலிடிக் சென்சாரையே செயலிழக்கச் செய்யும். அவற்றை அருகில் அடிக்காதீர்கள். அப்படியும் கத்தினால் கசிவு இருப்பதாகவே நினைத்து வெளியேறி, ஆளை வரவழைத்து அளக்கச் சொல்லுங்கள்.