மாஸ்க் வாரை எதால் கட்டினீர்கள், தம்பி?

அக்காவுக்கு வணக்கம். எனக்கு 33 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். கல்லூரியில் பேஸ்பால் ஆடினேன். இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளி, கல்லூரி மேட்சுகளுக்கு அம்பயராகப் போகிறேன். பேட்டர் நிற்கிற பிளேட்டுக்குப் பின்னால் நிற்கும்போது, கீழே வெளி ஓரமாக வருகிற பந்தை ஒரு தடவை ஸ்ட்ரைக் (சரியான வீச்சு) என்கிறேன், அடுத்த தடவை அதே மாதிரிப் பந்தை பால் (தவறிய வீச்சு) என்கிறேன். பையன்கள் முணுமுணுக்கிறார்கள். கோச் கத்தியதில் இரண்டு முறை தீர்ப்பையே மாற்றிவிட்டேன். கண் டாக்டரிடம் காட்டினேன், பார்வை நன்றாக இருக்கிறது. மாஸ்க் இரவல்தான். வார் அறுந்துவிட்டதால் கட்டிங் வேஸ்ட் துணியில் கட்டிக்கொள்கிறேன், அது பிரச்சினை இல்லை. விதிப் புத்தகத்தை மூன்று முறை படித்துவிட்டேன். கிடைக்கிற காசை அக்கா மகள் சீருக்குச் சேர்த்து வைக்கிறேன். வீட்டில், பிளேட்டில் இல்லை, ஓடுகிறவர்கள் தொடுகிற பேஸ் பக்கம் நிற்பதாகச் சொல்லியிருக்கிறேன். நல்ல அம்பயராக என்ன செய்ய வேண்டும்?
— ஒரு வாசகர், அவிநாசி

தம்பி, கபடி, வாலிபால், ஊர் கிரிக்கெட் என்று நடுவராக நிற்கிறவர்கள் பலர் எனக்கு எழுதியிருக்கிறார்கள். எல்லோருக்கும் இதே குறைதான்: கத்துகிறார்கள், தடுமாறுகிறேன். அதற்கு ஆறுதல் சொல்ல எனக்கு இன்று மனமில்லை. உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் நான் நின்றுவிட்டேன். கட்டிங் வேஸ்ட் துணி. அது பிரச்சினை இல்லை என்று நீங்களே தீர்ப்பும் எழுதிவிட்டீர்கள்.

பனியன் துணி இழுத்தால் நீளும், வேர்வையில் நனைந்தால் தொய்யும் என்று திருப்பூர்க்காரருக்கு நான் சொல்லித் தர வேண்டுமா? உங்கள் செக்கிங் டேபிளுக்கு ஒரு பீஸ் தையல் விட்டு வந்தால், ஒரு முடிச்சுப் போட்டுப் பெட்டியில் வைப்பீர்களா? திருப்பி அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பீர்கள். எங்கோ வெளிநாட்டில் யாரோ போடப்போகிற பனியனுக்கு அவ்வளவு கவனம். சொந்த முகத்துக்கு வேஸ்ட் துணி.

என் மகன் கல்லூரியில் கேட்சராக, பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவனாக இருந்தான். வலைக்கு வெளியே நின்று பயந்து பயந்து பார்த்தவள் நான். பந்து 140 கிராமுக்கு மேல் இருக்கும். பந்து வீசுகிற பிட்சர் நிற்கிற இடத்திலிருந்து பிளேட்டுக்கு 60 அடி 6 அங்குலம். ஓரளவு வேகமாக வீசுகிற பையன் என்றாலே அரை விநாடிக்குச் சற்று மேல்தான் ஆகும். அது பேட்டில் உரசித் திசை மாறினால், கேட்சருக்கே கையை நகர்த்த நேரமிருக்காது. 2008 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சல்ஸில் அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீக் ஆட்டம் ஒன்று. கேட்சர் வேறு மாதிரிப் பந்தை எதிர்பார்த்திருந்தார். வேகப்பந்து அவரைத் தாண்டி அம்பயர் கெர்வின் டான்லியின் தாடையில் அடித்தது. அங்கேயே சாய்ந்தவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். வார் அறுபடாத, நல்ல மாஸ்க் போட்டிருந்தவருக்கு நடந்தது இது.

என் அப்பா சோமனூரில் தறி ஓட்டியவர். ஊடை நூலைக் கொண்டுபோகிற நாடாக் கட்டை வெளியே தெறிக்காமலிருக்கத் தறியில் ஒரு கம்பித் தடுப்பு உண்டு. அது உடைந்தபோது, வாரக் கடைசியில் மாட்டிக்கொள்ளலாம் என்றார் தறிக்காரர். அப்பா கயிற்றைக் கட்டி ஓட்டினார். அம்மா கேட்டதற்கு, அதெல்லாம் ஒண்ணுமில்லை என்றார். புதன்கிழமை நாடா தெறித்து இடது கண் போய்விட்டது. எனக்கு அப்போது 11 வயது. அதற்கப்புறம் அம்மா ராத்திரி பகலாகத் தறிக்கு நூல் தார் சுற்றித்தான் எங்கள் மூன்று பேரையும் வளர்த்தார். அதனால், "அது பிரச்சினை இல்லை" என்று யார் எழுதினாலும் எனக்குக் கோபம் வரும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கண் டாக்டர் சொன்னது சரிதான், உங்கள் பார்வையில் கோளாறு இல்லை. மாஸ்க் ஆடுகிறது என்று உடம்புக்குத் தெரியும். அதனால் பந்து வரும்போது நீங்கள் குனிந்து கேட்சரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்குகிறீர்கள். அப்படி ஒதுங்கினால் முதலில் மறைவது எது? கீழே, வெளி ஓரம். நீங்கள் தவறவிடுகிற அதே பந்து. கேட்சருக்கும் பேட்டருக்கும் நடுவிலுள்ள இடைவெளியில், உங்கள் தாடை கேட்சர் ஹெல்மெட்டின் உச்சிக்கு நேராக இருக்கும்படி நிற்க வேண்டும். தலை அசையக் கூடாது, கண்தான் பந்தோடு போக வேண்டும். பந்து கிளவுஸில் விழுந்த பிறகு ஒரு மூச்சு விட்டு, அப்புறம் சொல்லுங்கள். பிளேட்டின் அகலம் 17 அங்குலம். பந்து அதைக் கடக்கும்போது எங்கே இருந்தது என்பதுதான் கணக்கு. கேட்சர் அதை எங்கே பிடித்தார் என்பது கணக்கில்லை. இதெல்லாம் மூன்று முறை படித்த உங்களுக்குத் தெரியும். ஆனால் முகத்துக்கு முன்னால் ஆடுகிற கம்பியை வைத்துக்கொண்டு யாராலும் தலையை அசைக்காமல் நிற்க முடியாது.

கோச் விஷயமும் இதிலிருந்து வந்ததுதான். மேட்ச் நடத்துகிறவரிடம், "நல்ல மாஸ்க் கொடுங்கள், இல்லாவிட்டால் பிளேட்டில் நிற்க மாட்டேன்" என்று சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. வந்த இடத்தில் சங்கடம் வேண்டாம் என்று நினைத்தீர்கள். அங்கே அடங்கிய வாய் கோச் முன்னால் எப்படித் திறக்கும்? ஸ்ட்ரைக்கா பாலா, அவுட்டா சேஃபா என்பது அம்பயரின் முடிவு. அதை எதிர்த்து வாதாடக் கூடாது என்று விதியே இருக்கிறது. சந்தேகம் வந்தால் நீங்களாகப் போய் அடுத்த அம்பயரிடம் கேட்கலாம். கத்தலுக்காக மாற்றக் கூடாது.

2010 ஜூன் 2 அன்று டெட்ராய்ட்டில் பிட்சர் அர்மாண்டோ கலராகா 26 பேரை வரிசையாக அவுட் ஆக்கிவிட்டார். 27-வது ஆளும் அவுட்தான், ஒருவரைக்கூட பேஸ் ஏற விடாத அபூர்வ ஆட்டமாக முடிந்திருக்கும். முதல் பேஸில் நின்ற ஜிம் ஜாய்ஸ் சேஃப் என்றுவிட்டார். எத்தனையோ பேர் கத்தினார்கள், அவர் மாற்றவில்லை. ஆட்டம் முடிந்து வீடியோ பார்த்ததும், தப்பு என்னுடையது என்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டார். மறுநாள் பிளேட்டுக்குப் பின்னால் நின்ற அவரிடம் வீரர்கள் பட்டியலைக் கொண்டுவந்து கொடுத்தவர் அதே கலராகா. ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். நீங்கள் மாற்றிய இரண்டு தீர்ப்பும் இந்த வகையில் சேராது, தம்பி.

சீர் பற்றியும் சொல்கிறேன். தாய்மாமன் சீர் வைப்பது கடமை, அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் இந்த வருடம் அந்தக் காசில் முதலில் மாஸ்க், செஸ்ட் கார்டு, லெக் கார்டு, இடுப்புக்குக் கீழே போடுகிற கார்டு எல்லாம் வாங்குங்கள். தட்டு ஒன்று குறைந்தால் உங்கள் அக்கா பொறுத்துக்கொள்வார். தம்பி கண்ணில் கட்டோடு மண்டபத்துக்கு வந்தால் அவர் எந்தத் தட்டைப் பார்ப்பார்?

அதுவரை பிளேட்டில் நிற்காதீர்கள். பேஸைக் கேட்டு வாங்குங்கள். அதையும் ஒழுங்காகக் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. பேஸில் ஆள் இல்லாதபோது முதல் பேஸ்மேனுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து அடி தள்ளி, கோட்டுக்கு வெளியே நில்லுங்கள். தரையோடு பந்து போனால் உள்ளே நகர்ந்து, வருகிற எறிக்குக் குறுக்காகப் பார்க்கும்படி நில்லுங்கள். கண் பேஸில் படுகிற காலில் இருக்கட்டும், பந்து கிளவுஸில் விழுவதைக் காது கேட்கட்டும். கிட்டே போவதைவிடக் கோணம் முக்கியம்.

வீட்டில் சொன்ன பொய்யும் அப்போது உண்மையாகிவிடும் என்று தப்பித்துக்கொள்ளப் பார்க்காதீர்கள். இன்று ராத்திரியே உங்கள் வீட்டுக்காரம்மாவிடம் அந்த மாஸ்க்கையும் அதில் கட்டிய துணியையும் எடுத்துக் காட்டுங்கள். இரண்டு வருடம் எங்கே நின்றீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அவர் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், அது அவருடைய உரிமை. எங்கள் அம்மாவுக்கு அப்படித் திட்ட ஒரு வாய்ப்பே கிடைக்கவில்லை. வருகிற ஞாயிறு அவரையும் கிரவுண்டுக்குக் கூட்டிப் போங்கள். வேப்பமர நிழல் எதுவும் இருந்தாலும் அங்கே வேண்டாம், வலைக்குப் பின்னால் உட்கார வையுங்கள்.